பழைய பூட்சுக்குப் புது மினுமினுப்பு!
தேய்ந்தது, கீறியது, வெளுத்தது எல்லாம் மீண்டும் பளபளக்க இதோ வழி

நாளைக் காலையில் வேலைக்கான நேர்முகத் தேர்வு. சட்டை தயார். சான்றிதழ் தயார். கட்டிலுக்கு அடியில் இருந்து பூட்சை எடுத்தால், நெஞ்சு பகீர் என்கிறது!

முனையில் கீறல். பக்கத்தில் வெள்ளைத் திட்டு. மடிப்பில் வெடிப்பு. கறுப்பு நிறம் சாம்பல் நிறமாகிவிட்டது.

புதிய பூட்சு வாங்கப் பணம் வேண்டும். மாதக் கடைசியில் பல வீடுகளில் அது நடக்கிற காரியம் அல்ல.

கவலை வேண்டாம். தோல் பூட்சு அவ்வளவு எளிதில் சாவதில்லை. ஒரு மாலைப் பொழுதும், கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும். குப்பைக்குப் போக வேண்டிய பூட்சு, மீண்டும் காலில் ஏறி மிடுக்காக நடக்கும்.

தோல்தானா?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பூட்சு உண்மையான தோல்தானா?

இன்று கடைகளில் விற்கும் பூட்சுகளில் பல, தோலைப் போலத் தோன்றும். ஆனால் தோல் அல்ல. துணியின் மேல் பிளாஸ்டிக் பூசிய ரெக்சின். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அணியும் பூட்சுகளில் இந்த ரகம் அதிகம்.

கண்டுபிடிப்பது எப்படி? பூட்சின் உள்பக்கத்தில், மேல்தோலின் வெட்டு விளிம்பைப் பாருங்கள். நார் நாராக, பஞ்சு போல் இருந்தால் அது தோல். நெய்த துணியின் இழை தெரிந்தால் ரெக்சின்.

தோலில் இயற்கையான மயிர்த்துளைகள் இருக்கும். அவை ஒரே சீராக இருக்காது. ரெக்சினிலோ, அச்சுக் குத்தியது போல எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்.

ரெக்சின் உரிந்து செதில் செதிலாக விழத் தொடங்கினால், பிறகு மருந்து இல்லை. எந்தப் பாலீஷும் அதை ஒட்ட வைக்காது. ஈரத்துணியால் துடைத்து, கிடைத்தவரை பயன்படுத்தலாம். அவ்வளவுதான்.

தோலின் கதை வேறு. தோலுக்கு மறுவாழ்வு உண்டு!

பளபளப்பு எங்கே போகிறது?

அசையாத குளத்தில் முகம் தெரிகிறது. கல்லை எறிந்து அலை எழுப்பினால் முகம் கலைந்துவிடுகிறது. தண்ணீர் அதே தண்ணீர்தான். மேற்பரப்புதான் மாறிவிட்டது.

பூட்சும் அப்படித்தான். மேற்பரப்பு வழவழப்பாக இருந்தால், படும் ஒளி ஒரே பக்கமாகத் திரும்பி வருகிறது. அதைத்தான் பளபளப்பு என்கிறோம். கீறலும் தூசியும் சேர்ந்தால், ஒளி நாலா பக்கமும் சிதறுகிறது. பூட்சு மங்கித் தெரிகிறது.

ஆகவே, பாலீஷ் போடுவது என்றால் வெறும் கறுப்புச் சாயம் பூசுவது அல்ல. மேடு பள்ளத்தை மெழுகால் நிரப்பி, தளத்தைச் சமமாக்குவதுதான் அதன் வேலை.

வெடிப்புக்குக் காரணம் வேறு. தோல் என்பது நுண்ணிய நார்கள் பின்னிக் கிடக்கும் ஒரு வலை. பதனிடும்போது அந்த நார்களுக்கு இடையே கொழுப்பும் எண்ணெயும் ஏற்றுகிறார்கள். அதனால்தான் தோல் மெத்தென்று வளைகிறது.

நாளாக ஆக அந்த எண்ணெய் குறைகிறது. நார்கள் ஒன்றோடு ஒன்று உரசி விறைக்கின்றன. நடக்கும்போது பாதம் மடிகிற இடத்தில் தோல் வெடிக்கிறது.

ஆக, கெட்டுப்போன பூட்சுக்கு மூன்று வைத்தியம் வேண்டும். அழுக்கை எடுக்க வேண்டும். எண்ணெய்ப் பசை கொடுக்க வேண்டும். மெழுகு பூச வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. அழுக்கின் மேல் பாலீஷ் போடுவது, குளிக்காமல் பவுடர் பூசுவது போல!

முதல் வேலை: குளியல்

நாடாவை உருவிவிடுங்கள். பழைய பிரஷால் தூசியைத் தட்டுங்கள். தையல் ஓரத்திலும், அடித்தோல் சேரும் இடத்திலும் மண் ஒளிந்திருக்கும். அதற்குப் பழைய பல் தேய்க்கும் பிரஷ் ஏற்றது.

பிறகு மெல்லிய துணியைத் தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து துடையுங்கள். அழுக்கு அதிகமானால் மிதமான சோப்பு நுரை கொஞ்சம் தொட்டுக்கொள்ளலாம். தண்ணீரில் முக்கி ஊற வைப்பது மட்டும் கூடாது.

வருடக்கணக்கில் பாலீஷ் மேல் பாலீஷ் ஏறி, தார் பூசியது போல் தடித்திருக்கிறதா? அந்தப் பழைய மெழுகை எடுத்தால்தான் புதிய மெழுகு பிடிக்கும். பூட்சைச் சுத்தம் செய்வதற்கென்றே விற்கும் திரவத்தைத் துணியில் தொட்டு, மெதுவாகத் துடைக்கலாம். முதலில் குதிகால் பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சோதித்துப் பாருங்கள். நிறம் கொத்தாக வந்தால் நிறுத்திவிடுங்கள்.

இந்தத் திரவங்கள் எளிதில் தீப்பிடிக்கும். அடுப்புக்குப் பக்கத்தில் இந்த வேலை ஆகாது.

வெயில் ஆகாது!

துடைத்த பூட்சை உடனே வெயிலில் வைப்பது நம் ஊர் வழக்கம். சிலர் அடுப்பு ஓரத்தில் வைப்பார்கள். பூட்சைக் கொல்ல இதைவிடச் சுருக்கு வழி இல்லை!

ஈரத்தோல் சூடு பட்டால் சுருங்கும். எண்ணெய்ப் பசை போய் விறைக்கும். அளவு குறைந்து காலைக் கடிக்கும்.

நிழலில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். உள்ளே பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். காகிதம் ஈரத்தை உறிஞ்சும். பூட்சின் உருவமும் கெடாது. காகிதம் நனைந்தால் மாற்ற வேண்டும். மழையில் சொட்டச் சொட்ட நனைந்த பூட்சுக்கும் இதே வைத்தியம்தான். முழுதும் உலர ஒன்றிரண்டு நாள் ஆகலாம். அவசரப்படக் கூடாது.

தோலுக்கும் தாகம் உண்டு

உலர்ந்த பிறகு, தோலுக்கு உணவு கொடுக்க வேண்டும்.

தோலுக்கென்று விற்கும் கிரீம் சிறந்தது. ஒரு சிறு துணியில் பட்டாணி அளவு எடுத்து, பூட்சு முழுதும் மெலிதாகத் தேயுங்கள். மடிப்புகளில் இன்னும் கொஞ்சம். பிறகு ஓர் இரவு அப்படியே விடுங்கள். காலையில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள்.

கிரீம் இல்லையா? விளக்கெண்ணெய் ஓரிரு சொட்டு போதும். விளக்கெண்ணெய் எளிதில் உலராது. தோலை மென்மையாக்க நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. ஆனால் மருந்து போல அளவோடு போட வேண்டும். கூடினால் தோல் கறுத்துவிடும். மேலே மெழுகும் பிடிக்காது. தூசி வந்து அப்பிக்கொள்ளும்.

ஒன்று நினைவிருக்கட்டும். வெடித்த தோல் மீண்டும் ஒட்டாது. எண்ணெய் கொடுத்தால் வெடிப்பு பரவாமல் நிற்கும். மெழுகு கொடுத்தால் கண்ணுக்குத் தெரியாமல் மறையும். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

கீறலுக்கு என்ன செய்வது?

மேலோட்டமான கீறல் என்றால், பூட்சின் நிறத்திலேயே கிரீம் வாங்கித் தேய்த்தால் போதும். சாயம் இறங்கிக் கீறல் மறையும்.

தோல் பிசிறு கிளம்பியிருந்தால், அதைப் பிய்க்கக் கூடாது. கிரீமைத் தொட்டு, பிசிறு படியும் திசையில் விரலால் அழுத்தித் தேயுங்கள். பெரும்பாலும் படிந்துவிடும்.

ஆழமான கீறலும் கிழிசலும் வீட்டு வைத்தியத்துக்கு அடங்காதவை. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, பசை நிரப்பி, சாயம் ஏற்ற வேண்டும். அது கைதேர்ந்த தொழிலாளியின் வேலை. அவரிடம் கொடுத்துவிடுவதே நல்லது.

இனி, பாலீஷ்!

பாலீஷ் டப்பாவில் இருப்பது முக்கியமாக மெழுகு. அதோடு சாயமும், மெழுகை இளக்கும் ஒரு திரவமும் சேர்ந்திருக்கும். திரவம் காற்றில் போய்விடும். மெழுகு தோலில் தங்கும்.

அந்த மெழுகில் உயர்ந்த ரகம், பிரேசில் நாட்டில் வளரும் கார்னபா என்ற பனை இனத்து மரத்தின் இலையில் இருந்து கிடைக்கிறது. வறட்சியில் இலை காயாமல் இருக்க, மரம் தானே பூசிக்கொள்ளும் மெழுகு அது! தேன்மெழுகு சுமார் 63 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் உருகும். கார்னபா உருக 80 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அவ்வளவு கெட்டி. அதனால்தான் அதற்கு அவ்வளவு மினுமினுப்பு.

துணியை விரலில் சுற்றிக்கொண்டு, பாலீஷைக் கொஞ்சமாகத் தொடுங்கள். சிறு சிறு வட்டமாகத் தேயுங்கள். அப்பிப் பூச வேண்டாம். தடிமனாக ஒரு பூச்சைவிட, மெலிதாக இரண்டு பூச்சு மேல்.

உடனே பிரஷ் போடக் கூடாது. 10 நிமிடம் காய விட வேண்டும். இந்தப் பத்து நிமிடத்தில்தான் பலர் அவசரப்பட்டுக் காரியத்தைக் கெடுக்கிறார்கள்.

காய்ந்ததும், பிரஷை இலேசாகப் பிடித்து, வேகமாக இப்படியும் அப்படியும் ஓட்டுங்கள். உரசும் சூட்டில் மெழுகு இளகிச் சமமாகும். மங்கல் மறைந்து பளபளப்பு எழும். கடைசியில் மெல்லிய பழைய பனியன் துணியால் துடைத்தால் வேலை முடிந்தது.

முகம் தெரியும் மினுக்கு

போலீஸ் அணிவகுப்பிலும் ராணுவ அணிவகுப்பிலும் பூட்சு முனை கண்ணாடி போல் மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் ரகசியம், ஒரு சொட்டுத் தண்ணீர்!

பாலீஷ் போட்ட முனையில், விரலால் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, மெல்லிய துணியால் வட்டமாகத் தேய்ப்பார்கள். தண்ணீரும் மெழுகும் ஒட்டாது. ஆகவே துணி மெழுகை இழுத்து வராமல் வழுக்கிச் செல்லும். மறுபடி கொஞ்சம் பாலீஷ், மறுபடி ஒரு சொட்டு. இப்படியே பல அடுக்கு ஏறினால், முனையில் முகம் தெரியும்.

இதை முனையிலும் குதிகாலிலும் மட்டுமே செய்ய வேண்டும். அந்த இரண்டு இடமும் வளையாது. பாதம் மடியும் இடத்தில் செய்தால், இரண்டு அடி நடப்பதற்குள் மெழுகு நொறுங்கிக் கோடு கோடாகத் தெரியும்.

பூஞ்சை பிடித்தால்?

மழைக்காலத்தில் பெட்டிக்குள் வைத்த பூட்சில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூஞ்சை படரும். வீட்டுக்கு வெளியே கொண்டு போய்த் துடையுங்கள். உள்ளே தட்டினால் மற்றத் துணிமணிக்கும் பரவும். தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து துடைத்து, நிழலில் உலர்த்துங்கள்.

பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூஞ்சைக்கு விருந்து வைத்தது போல. துணிப்பையில் வையுங்கள்.

இவை கூடாது

மண்ணெண்ணெயால் துடைக்கக் கூடாது. தோலில் உள்ள எண்ணெய்ப் பசையையும் அது இழுத்துக்கொண்டு போய்விடும்.

பூசியதும் மின்னும் திரவப் பாலீஷை நாள்தோறும் போடக் கூடாது. அவசரத்துக்கு நல்லது. தினமும் போட்டால் வார்னிஷ் போல ஏடு கட்டி வெடிக்கும்.

வாழைப்பழத் தோலால் தேய்த்தால் மின்னும் என்பார்கள். மின்னும்தான். ஆனால் அந்த மினுக்கு நிற்காது. பாலீஷ் செய்யும் வேலையை அது செய்யாது.

மென்மயிர் போன்ற மேற்பரப்பு உள்ள 'சுவேடு' ரகத்துக்கு மெழுகுப் பாலீஷ் ஆகவே ஆகாது. வெறும் பிரஷ்தான்.

ஒரே பூட்சைத் தினமும் போடக் கூடாது. கால் வியர்வை தோலில் இறங்குகிறது. இரண்டு ஜோடி இருந்தால் மாற்றி மாற்றிப் போடலாம். ஒரே ஜோடிதான் என்றால், வீட்டுக்கு வந்ததும் கழற்றிக் காற்றாட வையுங்கள்.

கிவி என்ற பறவை

பாலீஷ் டப்பா என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, பறக்கத் தெரியாத ஒரு குட்டைப் பறவையின் படம். அது கிவி.

ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரில் வில்லியம் ராம்சே என்பவர் 1906ல் இந்தப் பாலீஷை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவர் மனைவி நியூசிலாந்துக்காரர். மனைவியின் நாட்டுப் பறவையின் பெயரையே பாலீஷுக்கு வைத்தார். 1914ல் தொடங்கிய முதல் உலகப் போரில் சிப்பாய்களின் பூட்சுகளில் ஏறி, அது உலகம் சுற்றியது.

படத்தில் விழுந்த முதல் மனிதன்

இன்னொரு வேடிக்கை. பூட்சு துடைத்ததால் ஒருவர் சரித்திரத்தில் இடம் பிடித்தார்!

1838ல் பாரிஸ் நகரத் தெரு ஒன்றை டகேர் என்பவர் புகைப்படம் எடுத்தார். அந்தக் காலத்துப் புகைப்படப் பெட்டி பல நிமிடம் திறந்தே இருக்க வேண்டும். தெருவில் போன வண்டியும் ஜனமும் நகர்ந்துகொண்டே இருந்ததால் படத்தில் விழவில்லை. தெரு வெறிச்சோடிக் கிடப்பது போல் தெரிகிறது.

மூலையில் ஒருவர் மட்டும் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கிறார். அவர் பூட்சுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தார்! மனித உருவம் விழுந்த, இன்றும் எஞ்சியிருக்கும் மிகப் பழைய புகைப்படம் அதுவே என்று கருதப்படுகிறது. நின்றவர் யாரோ, குனிந்து பாலீஷ் போட்டவர் யாரோ, இருவர் பெயரும் உலகுக்குத் தெரியாது.

கைநீட்டாத குழந்தைகள்

1954ல் 'பூட் பாலீஷ்' என்ற இந்திப் படம் வந்தது. ராஜ் கபூர் தயாரித்தது. அண்ணனும் தங்கையுமான இரண்டு அநாதைக் குழந்தைகள், பிச்சை எடுக்க மறுத்து, பாலீஷ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கும் கதை. மழைக்காலம் வருகிறது. மழையில் யார் பாலீஷ் போடுவார்கள்? குழந்தைகள் பட்டினி கிடக்கிறார்கள். தங்கையாக நடித்த சிறுமி நாஸ், 1955ல் கான் திரைப்பட விழாவில் சிறப்புப் பாராட்டுப் பெற்றாள்.

பிரேசில் நாட்டில் ஓர் ஏழைச் சிறுவன் தெருவில் பாலீஷ் போட்டுப் பிழைத்தான். அவன் பெயர் லூலா. பின்னாளில் 2003ல் அவரே அந்த நாட்டின் குடியரசுத் தலைவரானார்!

ஆனால் எல்லாச் சிறுவர்களும் லூலா ஆவதில்லை. பிள்ளைகளின் இடம் பள்ளிக்கூடம். 14 வயது நிரம்பாத பிள்ளைகளை வேலைக்கு வைப்பது, சில விலக்குகள் தவிர, இன்று நம் நாட்டில் குற்றம்.

காந்தியடிகள் தைத்த செருப்பு

தோல் வேலையைத் தாழ்வாக நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் காந்தியடிகளை நினைத்துப் பார்க்க வேண்டும்.

தென் ஆப்பிரிக்காவில் இருந்தபோது காந்தியடிகள் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டார். அந்த நாட்டு அரசில் அவரைச் சிறைக்கு அனுப்பிய அமைச்சர் ஸ்மட்ஸ். 1914ல் நாடு திரும்பும்போது, அதே ஸ்மட்சுக்குத் தம் கையால் தைத்த ஒரு ஜோடிச் செருப்பைப் பரிசாகக் கொடுத்தார். ஸ்மட்ஸ் அதைப் பல கோடைக்காலம் அணிந்தார். காந்தியடிகளின் 70வது பிறந்த நாளையொட்டி 1939ல் அதை மரியாதையோடு திருப்பி அனுப்பினார்.

நம் ஊர்த் தோல்

தோல் வேலைக்குத் தமிழ்நாடு பெயர் பெற்றது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, திண்டுக்கல் ஆகிய ஊர்களில் பதனிட்ட தோல் கடல் கடந்து போகிறது. அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் ஊறவைத்துத் தோலைப் பதனிட்டார்கள். பிறகு குரோமிய உப்பு வந்தது. சென்னையை அடுத்த குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே, அங்கே இருந்த குரோம் தோல் தொழிற்சாலையால்தான். மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948ல் சென்னை அடையாறில் அமைந்தது.

ஆனால் இந்தத் தொழிலுக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. தோல் பதனிட ஏராளமான தண்ணீர் வேண்டும். கழிவு நீர் பாலாற்றில் கலந்து, நிலமும் கிணறும் பாழாயின. ஊர் மக்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1996 ஆகஸ்டு 28ல் தீர்ப்பு வந்தது. மாசு செய்தவரே நஷ்டத்துக்குப் பொறுப்பு என்று நீதிமன்றம் சொன்னது.

ஒரு பூட்சு 2 ஆண்டு உழைப்பதற்குப் பதில் 4 ஆண்டு உழைத்தால், அந்த வீட்டுக்கு ஒரு ஜோடிப் பூட்சின் விலை மிச்சம். ஒரு ஜோடிக்கு வேண்டிய தோலும் தண்ணீரும் மிச்சம்.

பேரம் வேண்டாம்!

வீட்டில் செய்ய நேரம் இல்லாதவர்கள், தெருமுனையில் குடைக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் தொழிலாளியிடம் கொடுக்கலாம். பிரிந்த தையலைக் குத்தூசியால் தைத்து, தேய்ந்த குதிகாலுக்குத் துண்டு வைத்து, பாலீஷும் போட்டுக் கொடுப்பார்.

ரெக்சின் பூட்சு வந்த பிறகு அவருக்கு வேலை குறைந்துவிட்டது. பிய்ந்தால் தூக்கி எறிகிறார்கள். மழை வந்தால் அவர் கடை மூடிக்கொள்ளும். அன்று வீட்டில் அடுப்பு எரிவதும் சந்தேகம்தான்.

பெரிய கடையில் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள், இவரிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசுவது நியாயம் அல்ல. கூலியை முழுதாகக் கொடுங்கள். "அண்ணே" என்று கூப்பிட்டு, காலை நீட்டாமல், பூட்சைக் கழற்றிக் கையில் கொடுங்கள். வேலை முடிந்ததும் அந்தப் பூட்சில் முகம் பார்க்கலாம்.